‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்துக்கு மாணவர்களைத் தயார் செய்வது எப்படி?

பள்ளிப் பிள்ளைகளை நாடகத்துக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் தலையில்தான் விழும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் நாடகங்களில் ஒன்று, லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’. 1959 மார்ச் 11 அன்று, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் ஒன்று பிராட்வே மேடை ஏறியது அதுவே முதல் முறை. எழுதியவருக்கு அப்போது வயது 28. லாயிட் ரிச்சர்ட்ஸ் இயக்கத்தில், சிட்னி பாய்ட்டியர் நடிப்பில் தொடங்கி 530 காட்சிகள் ஓடியது.

இதையெல்லாம் பலகையில் எழுதிப் போட்டு, கூடவே கதைச்சுருக்கம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். என்னைக் கேட்டால் கதைச்சுருக்கமே வேண்டாம். கதை மேடையில் தானாகவே புரியும். இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிபடாதவை அந்த வீட்டின் நெருக்கடியும் அந்தக் காலத்துப் பணத்தின் கனமும்தான். நான்கைந்து வகுப்புகள் கிடைத்தால் இரண்டையும் உணர்த்திவிடலாம்.

முதல் படி: நீங்கள் படியுங்கள், பிறகு தொலைபேசியை எடுங்கள்

நாடகத்தை முழுவதும் படித்துவிட்டு, எந்தப் பிரதியை நடிக்கிறார்கள் என்று அரங்கத்தாரிடம் கேளுங்கள். 1959 மேடையேற்றத்தில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மாள் வந்து வம்பளக்கும் காட்சியும், மகள் பெனீத்தா தலைமுடியை வெட்டி இயற்கைச் சுருளாக விடுவதும் அவற்றில் அடக்கம். பிற்காலப் பதிப்புகளில் அவை திரும்பச் சேர்ந்தன. வகுப்பில் நீங்கள் பேசிய காட்சி மேடையில் வராமல் போனால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பெற்றோருக்கு ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல் வசனத்தில் வருகிறது. கருக்கலைப்பு பற்றிய பேச்சும் உண்டு. அந்தச் சொல்லை எந்த மாணவரையும் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். இதில் இரண்டாம் யோசனைக்கு இடமில்லை.

இரண்டாம் படி: தரையில் ஒரு வீடு

நாடகம் முழுவதும் சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில் ஒரே ஒரு வாடகை வீட்டுக்குள் நடக்கிறது. யங்கர் குடும்பத்தில் ஐந்து பேர்: லீனா அம்மாள், மகன் வால்ட்டர், அவன் மனைவி ரூத், மருத்துவம் படிக்க ஆசைப்படும் மகள் பெனீத்தா, பேரன் டிராவிஸ். அம்மாவும் மகளும் ஓர் அறையில். மகனும் மருமகளும் சாப்பாட்டு அறையாக இருந்த சின்ன இடத்தில். டிராவிஸ் படுப்பது கூடத்து சோபாவில். குளியலறை வீட்டுக்கு வெளியே, நடைவழியில். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது பொது.

மேசைகளை ஓரமாகத் தள்ளுங்கள். ஒட்டுநாடாவால் தரையில் இந்த வீட்டை வரையுங்கள். ஐந்து மாணவர்களை உள்ளே விட்டு, ஒரு காலை நேரத்தை வசனமில்லாமல் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், குளியலறை ஒன்றுதான், வெளியே வேறொருவர் முந்திக்கொள்வார். முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இடித்துக்கொண்டு எரிச்சல்படத் தொடங்குவார்கள். அந்த எரிச்சல் நமக்கு வேண்டும். திரை விலகியதும் ரூத் ஏன் அத்தனை சலிப்போடு பேசுகிறாள் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: ஒரு காசோலை, பல கணக்குகள்

இறந்துபோன அப்பாவின் ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வரப்போகிறது. வால்ட்டர் பணக்கார வெள்ளையர் ஒருவருக்குக் கார் ஓட்டுகிறான்; ரூத்தும் லீனா அம்மாளும் அடுத்தவர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர்கள். இந்தத் தொகை அவர்களுக்கு எப்பேர்ப்பட்டது என்பது அதிலிருந்தே தெரியும்.

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துச் செலவுத்திட்டம் எழுதச் சொல்லுங்கள். வால்ட்டர் குழுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தகவல்: அவன் வாங்க நினைக்கும் மதுக்கடையின் விலை 75,000 டாலர், முதலில் கட்ட வேண்டியது 30,000, மூன்று கூட்டாளிகள், தலைக்கு 10,000. அவனை வெறும் பகல்கனவுக்காரன் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும். பணம் கடைசியில் என்ன ஆகிறது என்று தப்பித்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு முதல் காட்சியின் சில பக்கங்களை மட்டும் உரக்க வாசியுங்கள். பள்ளிக்கு 50 சென்ட் வேண்டும் என்கிறான் டிராவிஸ். இல்லை என்கிறாள் ரூத். வால்ட்டர் அதைக் கொடுத்து, மேலும் 50 சென்ட் கொடுக்கிறான். வேலைக்குப் புறப்பட்டவன் திரும்பி வந்து, பயணக் காசுக்கு மனைவியிடமே கை நீட்டுகிறான். ஒரு தகப்பனின் வீறாப்பும் இயலாமையும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வெவ்வேறு ஜோடிகளை வைத்து இரண்டு மூன்று முறை வாசித்துப் பாருங்கள். கோபமாக, கேலியாக, களைப்பாக என்று ஒவ்வொரு முறையும் காட்சி மாறும். நடிப்பு என்றால் என்ன என்பதற்குத் தனிப்பாடம் தேவைப்படாது.

நான்காம் படி: சட்டம்

இந்த வகுப்பைத் தவிர்த்துவிட்டால் நாடகத்தின் பின்பாதி பாதிதான் புரியும். காப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, லீனா அம்மாள் வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீடு வாங்கிவிடுகிறார் (இதைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்). சிகாகோவில் பல வட்டாரங்களில், கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கமாட்டோம் என்று உரிமையாளர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஹான்ஸ்பெரி சிறுமியாக இருந்தபோது, 1937-இல், அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி அப்படிப்பட்ட பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் கூடித் தாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-இல் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் அது நடைமுறைக் காரணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தந்த தீர்ப்பு. அத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாது என்று சொல்லவில்லை. நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு வர 1948 ஆனது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த கூட்டரசுச் சட்டம் 1968-இல்தான் வந்தது.

இந்த ஆண்டுகளை ஒரு கோட்டில் குறித்து, நடுவே 1959-ஐ வட்டமிடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: நீதிமன்றத்தின் உதவியும் இல்லை என்றான பிறகு, வேண்டாதவரை வெளியே நிறுத்த என்னென்ன வழிகள் மிச்சம்? பதில்களைப் பட்டியலிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். நாடகத்தில், அந்தப் பகுதிக்குக் குடிவர வேண்டாம் என்று சொல்ல, அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கார்ல் லிண்ட்னர் என்றொரு வெள்ளையர் வருவார். அரட்டமாட்டார், மரியாதையாகத்தான் பேசுவார். பிள்ளைகளே அந்தப் பட்டியலை நினைத்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: அரங்கில்

முதல் முறை வருபவர்களுக்கு: இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், முன்பே சாப்பிட்டுவிட்டு வரட்டும், கைபேசியை முழுவதுமாக அணைக்க வேண்டும், சிரிப்பு வந்தால் சிரிக்கலாம்.

இருட்டில் குறிப்பெடுக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில் ஆளுக்கொரு பொருளைக் கவனிக்கக் கொடுங்கள்: விழிப்பு மணிக்கடிகாரம், சோபா, வாசல் கதவு, சன்னலோரத்து வாடிய செடி. அது யார் கைக்குப் போகிறது, எப்போது மறக்கப்படுகிறது என்று பார்க்கட்டும்.

1961-இல் வந்த திரைப்படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். படம் நல்ல படம்தான். மேடையில் நடித்த பலரே அதிலும் நடித்தார்கள். ஆனால் படக்கருவி அந்த வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறது, மதுக்கூடத்தையும் வாங்கிய வீட்டையும் காட்டிவிடுகிறது. மேடையில் அந்தப் புது வீட்டை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை.

ஆறாம் படி: மறுநாள்

‘நாடகத்தின் மையக்கருத்து யாது?’ என்று ஆரம்பித்தால் வகுப்பு வாய்மூடிக்கொள்ளும். கவனித்த பொருள்களைப் பற்றிப் பேசவிடுங்கள், மீதியெல்லாம் அதிலிருந்து வரும். அடுத்து மூன்றாம் படியில் எழுதிய செலவுத்திட்டங்களைத் திருப்பிக் கொடுத்து, உண்மையில் எவ்வளவு எங்கே போனது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். லீனா அம்மாள் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு சரியா என்ற சண்டை கட்டாயம் வரும். ஓடட்டும்.

எழுத்து வேலையாக ஒன்று போதும். அன்றிரவு லிண்ட்னர் தன் குடியிருப்போர் சங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், அவருடைய அதே மரியாதையான நடையில், ஒரு வசைச்சொல் கூட இல்லாமல் எழுத வேண்டும். அறிக்கைகளை அவர்களே மாற்றிக்கொண்டு, எந்த வாக்கியம் எதை மறைக்கிறது என்று பென்சிலால் கோடிடட்டும்.