வன்னி வளவுக்குக் காவல் நாய்: குட்டி எடுக்கிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் மதில் எழும்பினால் அடுத்தது "நாய் கவனம்" பலகைதான். பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ரொட்வைலர், இல்லாவிட்டால் அல்சேஷன். குட்டி எடுக்கப் போகிறவர் முதலில் கேட்பது, "நல்லாக் கடிக்குமோ?" நானும் அப்படிக் கேட்டுத்தான் முதல் குட்டியை வாங்கினேன். அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

1. எதைக் காக்கப் போகிறது?

ரொட்வைலர், ஜேர்மனியில் ரொட்வைல் ஊர்க்காரர் மாடு சாய்க்கவும் இறைச்சி வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். அல்சேஷன் ஆடு மேய்த்த இனம். டோபர்மனை உருவாக்கியவர் ஒரு வரி வசூலிப்பாளர். துணைக்குக் கூட்டிப்போக ஒரு நாய் தேவைப்பட்டது அவருக்கு. இவை எல்லாம் எசமானின் முகம் பார்த்து வேலை செய்கிறவை; வீட்டுக்கு ஏற்றவை. துருக்கியின் கங்கால் வேறு சாதி. ஆட்டு மந்தையோடு நின்று ஓநாயை எதிர்க்க வளர்த்தது, தானே முடிவெடுக்கும். நாளும் பொழுதும் ஆட்கள் வந்துபோகிற வீட்டில் அதை வைத்துச் சமாளிப்பது லேசில்லை.

2. வெயில்

காக்கேசியன் ஷெப்பேர்ட் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்த மயிர் பனி மலைக்கு. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். கச்சான் காற்று அனலாய் வீசும் மத்தியானத்தில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. ரொட்வைலருக்கும் நிழலும் தண்ணீரும் எந்நேரமும் வேண்டும்.

3. தாய் நாயைப் பாருங்கள்

குட்டிக்கு எட்டுக் கிழமையாவது ஆகியிருக்க வேண்டும். தாய் உங்களைக் கண்டு பாய்ந்தாலோ, மூலையில் ஒளிந்தாலோ வெறுங்கையோடு திரும்புங்கள். விலை குறைத்துத் தந்தாலும்தான்.

4. முதல் நாலு மாதம்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. மூன்றாவது கிழமையிலிருந்து ஏறக்குறைய பதினாலாவது கிழமை வரை குட்டி கண்டு பழகியவற்றை வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். காணாதது எதுவும் பிறகு சந்தேகம்தான். நான் "பிறத்தியாரோடு பழகினால் காவல் போய்விடும்" என்று என் குட்டியைப் பின்கொட்டிலில் கட்டி வைத்தேன். ஒன்றரை வயதில், ஒரு மார்கழி மழையில் மாமி குடை பிடித்து வந்தார். தினமும் சோறு வைக்கிற மாமி. குடைக்குக் கீழே அவரை அதற்குத் தெரியவில்லை. பாய்ந்து சேலைத் தலைப்பைக் கிழித்துவிட்டது. கடி படாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே குடை, ஹெல்மெட், லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) சத்தம், பள்ளிப் பிள்ளைகள், மீன்காரரின் ஹோர்ன் எல்லாவற்றையும் தூரத்தில் காட்டி, ஒரு துண்டு கோழி கொடுத்து, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுபோங்கள். பதறினால் இரண்டு அடி பின்வாங்குங்கள், இழுக்க வேண்டாம். தடுப்பூசிகள் முடியும்வரை ஊர்நாய் திரிகிற இடத்தில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ என்ற தொற்றுநோய் குட்டியைக் கொண்டுபோய்விடும். விசர்நாய்த் தடுப்பூசியை மிருக வைத்தியர் சொன்ன திகதியிலேயே போடுங்கள்.

5. சாப்பாடு

பெரிய இனக் குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள், மூட்டு தாங்காது. வளர்ந்த நாய்க்கு இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு ஓட விட வேண்டாம். வயிறு முறுகிச் சாகவும் கூடும்.

6. சங்கிலி, படலை, யானை

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய் காவல் பழகாது, வெறிதான் பழகும். இரவில் படலையைப் பூட்டிவிட்டு வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள். காட்டோரக் காணி என்றால் வயலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். யானையைக் கண்டு குரைக்கிற நாய், அது துரத்தினால் நேரே உங்களிடம்தான் ஓடி வரும்.

7. "போதும்"

ஆள் வந்தால் குரைக்கட்டும். நீங்கள் வந்து கழுத்துப் பட்டியைத் தொட்டு "போதும்" என்றதும் நிறுத்த வேண்டும். நிறுத்திய உடனே ஒரு துண்டு கோழி, அவ்வளவுதான். குட்டியிலேயே தொடங்கினால் சீக்கிரம் பிடிபடும். எங்கள் நாய்க்கு இதையும் குடையையும் சேர்த்துப் பழக்க மூன்று மாதம் எடுத்தது. இப்போது குடையைக் கண்டால் வாலாட்டுகிறது. மாமிதான் இன்னும் குடையைப் படலையடியில் மடக்கிவிட்டு நனைந்துகொண்டே வருகிறார்.