நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடாமல் இருக்க

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., தர்மபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழை ஓய்ந்ததும் கணக்கெடுக்க ஆள் வந்துவிடும். அந்த நேரத்தில் டிரங்குப் பெட்டியைக் குடைந்தால் வேலைக்காகாது. காகிதங்களை வெயில் காலத்திலேயே சரி செய்து வையுங்கள்.

முதலில் வீட்டு வரி. ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம ஊராட்சி வரிக்கான அரசு இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சியைத் தேர்ந்தெடுத்து வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் பாக்கி தெரியும். எண் பழைய ரசீதில் இருக்கும். இல்லாவிட்டால் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேரும்; தொகை கூடுதலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். நேரில் கட்டினாலும் கணினி ரசீதையே கேட்டு வாங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும் ஓசூர் மாநகராட்சியிலும் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1% கூடுதலாகச் சேரும்.

தாத்தா இறந்து பத்து வருடம் ஆகியும் ரசீதில் அவர் பெயரே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. பெயர் மாற்ற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பாக்கியில்லாத வரி ரசீது வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு வரி கட்டியதாலேயே பட்டா வந்துவிடாது.

அடுத்து பெயர் எழுத்து. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஆதாரில் ‘முனியப்பா’, ரேஷன் கார்டில் ‘முனியப்பன்’, வங்கியில் இனிஷியல் முன்னும் பின்னும் என்று இருக்கும். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். எந்தக் கணக்கில் கடைசியாக ஆதார் இணைக்கப்பட்டதோ, ஆதார் வழி வரும் பணம் அங்கேதான் போகும். பல பேருக்கு அது மறந்துபோன பழைய கணக்கு. வங்கியில் ‘ஆதார் சீடிங்’ எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள்.

மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பப் பதிவு முகாமே 2023 ஜூலை 24-ல் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் கூட்டுக்குடும்பத்தில் இரண்டு மாத பில் சராசரியாக 600 யூனிட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் அடி. தனி மீட்டர் வாங்குவது நல்லது. தகுதி இருந்தும் நிராகரிக்கப்பட்டால் 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். முதியோர் உதவித்தொகை வேறு கணக்கு: 60 வயது முடிந்த ஆதரவற்றோருக்கு, 2023 முதல் மாதம் 1,200.

வெள்ள நிவாரணத்துக்கு வருவோம். 2024-ல் அரசு அறிவித்த தொகை: குடிசைக்கு 10,000, பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர் என்பதால், ஓர் ஏக்கர் மானாவாரிக் கொள்ளுக்கு சுமார் 3,440 ரூபாய்தான். மாந்தோப்புக்கு சுமார் 9,100. பயிர் சேதம் 33 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஒன்றும் கிடையாது.

எனவே என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு) ஏறியிருக்கிறதா என்று விதைத்த கையோடு பாருங்கள். ராகி போட்ட நிலம் தரிசு என்று பதிவாகியிருந்தால் வயல் மொத்தமும் அழுகினாலும் பட்டியலில் வராது. மாடு செத்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். இடிந்த சுவரின் மண்ணை அள்ளுவதற்கு முன் வீட்டு முகப்பும் கதவு எண்ணும் தெரிய, தேதியோடு படம் எடுங்கள். உடைந்த ஓடுகளை மட்டும் நெருக்கி எடுத்த படம் எந்த வீட்டுக்கும் பொருந்தும், அதனால் பயன் இல்லை.

பெயர் விடுபட்டால் முதலில் கிராம நிர்வாக அலுவலர், பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு வட்டாட்சியர். அங்கும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.