கடற்கரையில் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டும் முறை

“வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்” என்கிறது யோவான் நற்செய்தி (1:14). ‘குடிகொண்டார்’ என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்குக் கூடாரம் அடித்தார் என்று பொருள். கடவுள் ஏதோ ஒரு வெளியில் மனிதர் ஆகவில்லை. பெத்லகேம் என்ற ஊரில், மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார். 1223-இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது அந்த ஊர் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவரச் சொன்னார். பாம்பனிலோ தொண்டியிலோ குடில் கட்டுகிறவர்களும் நம் ஓலையில், நம் மணலில் கட்டுவதே சரி. பஞ்சை ஒட்டிப் பனி காட்ட வேண்டாம். உப்புக்காற்றில் ஈரம் குடித்துக் கறுத்துப்போகும், மெழுகுதிரி பட்டால் பற்றிக்கொள்ளும்.

குடிலுக்கு நாலடி அகலம், முன்னிருந்து பின்வரை மூன்றடி போதும். சவுக்குக் கம்பு நான்கு வேண்டும்: முன்பக்கத்துக்கு ஆறரை அடியில் இரண்டு, பின்பக்கத்துக்கு நாலரை அடியில் இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றரை அடி இறக்குங்கள். மணலில் ஓரடிக் குழி காற்றுக்கு நிற்காது. கூரைக்கு முன்னிருந்து பின்னுக்கு இரண்டடிச் சரிவு கிடைக்கும்; அது இதைவிடக் குறைந்தால் மழைநீர் தங்கி ஒழுகும். வாடைக்காற்று அடிக்கும் மாதம் என்பதால் குடிலின் வாசல் வடகிழக்கைப் பார்க்கக் கூடாது.

முடைந்த தென்னங்கீற்றை முதல்நாள் இரவே நல்ல தண்ணீரில் நனைத்து வையுங்கள். காய்ந்ததை வளைத்தால் ஒடியும். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைப் பாதி மூடட்டும். கட்டுவதற்கு நைலான் கயிறு. இரும்புக் கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும்.

குகை வடிவம் வேண்டுமென்றால் கிழிந்த சாக்கைச் சிமெண்டுப் பாலில் முக்கிக் கம்புகள்மேல் போர்த்திக் காயவிடுங்கள். பவளக்கல்லைத் தொடவே கூடாது. மன்னார் வளைகுடாவில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்.

அதிகம் கெட்டுப்போவது சுரூபங்கள்தான், அதாவது குடிலில் வைக்கும் சிலைகள். கடல் மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; பிளாஸ்டர் சுரூபத்தின் அடி ஊறி உதிரும், வர்ணம் உரியும். மணலை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பரப்புங்கள். ஒவ்வொரு சுரூபத்துக்கும் அடியில் ஓர் ஓட்டுத்துண்டு வையுங்கள்.

மரியாவும் யோசேப்பும் தீவனத் தொட்டியைப் பார்த்திருக்கட்டும். டிசம்பர் 24-ஆம் தேதி இரவுவரை தொட்டி காலியாகவே இருக்க வேண்டும். முன்கூட்டியே பாலன் இயேசுவை வைத்துவிட்டால் காத்திருப்புக்கே இடமில்லை. இடையர்களுக்குத் தோளில் துண்டும் கையில் கம்பும் கொடுத்து, நம் பக்கத்து வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளைப் போலவே நிறுத்தலாம். லூக்கா சொல்வதும் இரவில் கிடை காத்தவர்களைத்தான். பாலனைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைத் தூரத்தில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவன்று கொண்டுவந்து சேருங்கள்.

அதையடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததும் குடிலைப் பிரிக்கலாம். சுரூபங்களை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றித் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள்.