ஊருக்குப் போகுமுன் வதிவிட அட்டையின் திகதியைப் பாருங்கள்

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு கொரோனாக் காலத்தில் ஊரில் மாட்டுப்பட்ட நம்மவர்கள் பலருக்கு இலங்கையை விட்டு வெளியேறுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. விமானம் கிடைத்தால் ஏறிப் போகலாம். சிக்கல் மற்றப் பக்கத்தில் இருந்தது. பரிஸோ சூரிச்சோ ஒஸ்லோவோ திரும்ப உள்ளே விடுமா, கையில் இருக்கிற வதிவிட அட்டை இன்னும் செல்லுமா என்ற யோசனையில்தான் நித்திரை போனது. அந்தக் கட்டுப்பாடுகள் இப்போது இல்லை. இலங்கை மிச்சமிருந்த கோவிட் நிபந்தனைகளையும் 2022 டிசம்பர் 7 ஆம் திகதி எடுத்துவிட்டது. ஆனால் அட்டை முடிகிற நேரத்தில் ஊரில் நிற்பதும், திரும்பும்போது கவுண்டரில் மறிக்கப்படுவதும் இன்றைக்கும் நடக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்று தெரிந்து வைத்திருந்தால் சாதாரண விடுமுறைப் பயணத்துக்கும் பயன்படும்.

கதவுகள் எப்படி மூடின என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 19 இல் இலங்கை விமான நிலையங்கள் வருகிற பயணிகளுக்கு மூடப்பட்டன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2021 ஜனவரி 21 இல். இடையில் அரசாங்கம் ஒழுங்கு செய்த மீட்பு விமானங்கள் வந்தன. அவற்றிலும் இலங்கைக் கடவுச்சீட்டோ இரட்டைக் குடியுரிமையோ வைத்திருந்தவர்களுக்குத்தான் கதவு கொஞ்சமாவது திறந்தது. 2021 மே கடைசியில் மீண்டும் பத்து நாள் பூட்டு. அடுத்த மாதமே, ஜூன் 8 இல், பிரித்தானியா இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் போட்டது. எடுத்தது செப்டெம்பர் 22 இல். அந்த இடைவெளியில் ஊரிலிருந்து லண்டன் திரும்பியவர்கள் பத்து நாள் ஹோட்டலில் அடைபட்டு ஆளுக்கு 1,750 பவுண் கட்டினார்கள். ஆகஸ்ட் 12 இலிருந்து அது 2,285 பவுண் ஆனது. பலருக்கு டிக்கெட் காசை விட இது கூட.

இதில் எதையும் முன்கூட்டி அறிய யாராலும் முடிந்திருக்காது. முடிந்தது ஒன்றுதான்: அட்டையில் போதிய காலம் மிச்சம் இருக்கும்போது போவது.

என் கணக்கு இப்படி. திரும்பி வரும் நாளுக்குப் பிறகு அட்டையில் குறைந்தது மூன்று மாதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பித்துக் கையில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். பயண முகவர் மலிவு விலையைக் காட்டி அவசரப்படுத்துவார். விடுங்கள், அடுத்த மலிவு விலை வரும்.

புதுப்பிக்கிற காலம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் பெரும்பாலான அட்டைகளுக்கு, முடிவதற்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் வரையான இடைவெளிக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸில் பி பெர்மிட் என்கிற வதிவிட அனுமதிக்கு மூன்று மாதத்துக்கு முந்தியும் கொடுக்க முடியாது, கடைசி இரண்டு கிழமைக்குள் தள்ளவும் கூடாது. நோர்வேயில் ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்தால்தான், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தடையில்லாமல் தொடரும். சுவிஸில் இன்னொரு விஷயமும் உண்டு. பல மாநிலங்களில் பெர்மிட் முடியப் போகிறது என்ற கடிதம் வீட்டுக்குத் தபாலில் வரும். நீங்கள் ஊர்த் திருவிழாவில் நிற்க, அது இங்கே தபால் பெட்டியில் கிடக்கும். பெட்டித் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வருகிற உத்தியோகபூர்வக் கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைரேகையும் படமும் கொடுக்க நேரில் போக வேண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் சந்திப்பை ஊரிலிருந்து செய்ய முடியாது.

அடுத்தது, புதுப்பிக்கக் கொடுத்ததற்குத் தருகிற தற்காலிகத் தாள். ஆட்கள் அதிகம் ஏமாந்தது இதில்தான். எல்லாத் தாளும் எல்லை தாண்டாது. பிரான்ஸில் அட்டை புதுப்பிப்புக்கான ரெசிப்பிசே என்கிற தற்காலிகத் தாளோடு, முடிந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் காட்டினால் திரும்ப உள்ளே வரலாம். முதன்முதலாக விண்ணப்பித்தவருக்குக் கொடுக்கிற ரெசிப்பிசேயை வைத்துக்கொண்டு வெளியே போனால், திரும்ப விசா இல்லாமல் வர முடியாது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. இப்போது இணையத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு, விண்ணப்பம் கிடைத்தது என்ற வெறும் உறுதிச்சீட்டு முதலில் வரும். அது எந்த உரிமையும் தராது. ஆய்வு நீடிக்கிறது என்ற சான்று பிறகு வரும். அதுதான் பயணத்துக்கு உதவும். ஜேர்மனியில் ஃபிக்சியோன் தாள் என்கிற தற்காலிகச் சான்றில் எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறது என்று பாருங்கள். வதிவிடச் சட்டத்தின் 81 ஆம் பிரிவின் 4 ஆவது பந்தி என்றால் போய் வரலாம். 3 ஆவது பந்தி என்றால் வெளியே போகவே வேண்டாம்.

தாள் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. அதை முதலில் பார்ப்பவர் பரிஸ் எல்லைப் பொலிஸ் இல்லை, கட்டுநாயக்காவில் விமானக் கம்பனியின் கவுண்டரில் நிற்கிற பிள்ளை. ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிப் போனால் கம்பனிக்கு அபராதம். ஆகவே சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார்கள். 2020 இல் பிரான்ஸ், மார்ச் 16 க்கும் ஜூன் 15 க்கும் இடையில் முடிகிற வதிவிட அட்டைகளைச் சட்டத்தாலேயே ஆறு மாதம் நீட்டியது. நல்ல விஷயம்தான். ஆனால் சட்டம் நீட்டிய திகதி அட்டையில் அச்சாகாதே! கவுண்டரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், திகதியில் விரலை வைப்பார்கள், மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள், அவர் யாருக்கோ தொலைபேசி எடுப்பார். பின்னால் நிற்கிற வரிசை முறுகத் தொடங்கும். அந்த நேரத்தில் வாயால் விளக்கி வென்றவர்கள் குறைவு. அரசாங்கத்தின் அறிவித்தலை, முடிந்தால் ஆங்கிலத்தில், அச்சடித்துக் கொண்டுபோனவர்கள் ஏறினார்கள். போனில் காட்டுவதை விடத் தாள் நல்லது, அவர்கள் அதைப் பிரதி எடுத்து வைக்கலாம். தற்காலிகத் தாளோடு போகிறவர்கள் இன்றைக்கும் இதைச் செய்யலாம். நான்கு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குப் போங்கள். பிரச்சினையைத் தீர்க்க நேரம் வேண்டும்.

பிரித்தானியாவில் இப்போது அட்டையே இல்லை, எல்லாம் இணையக் கணக்கில். அங்கேயுள்ளவர்கள் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புதிய இலக்கத்தை அந்தக் கணக்கில் சேர்த்த பிறகே பயணம் போக வேண்டும்.

பெயர்ச் சிக்கல் தனிக்கதை. கொரோனாவுக்கான பிசிஆர் பரிசோதனை முடிவு, தடுப்பூசிச் சான்று, டிக்கெட், கடவுச்சீட்டு, வதிவிட அட்டை என்று ஐந்து தாளில் ஐந்து விதமாக ஒரே ஆளின் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது வராவிட்டால்தான் அதிசயம். இலங்கைக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்கும். ஐரோப்பிய அலுவலகத்தில் அதைக் குடும்பப் பெயர் ஆக்கியிருப்பார்கள், அல்லது உங்கள் பெயரையே குடும்பப் பெயர் ஆக்கி அப்பாவை முதற்பெயர் ஆக்கியிருப்பார்கள். கலியாணம் முடித்த பெண்களுக்கு ஒன்றில் தகப்பன் பெயர், இன்னொன்றில் கணவன் பெயர். ஊரில் பரிசோதனை நிலையத்தில் சொந்தப் பெயரையும் முதலெழுத்தையும் மட்டும் சொல்லிவிட்டு வந்தவர்கள், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றார்கள். பரிசோதனை முடிவு செல்லுபடியாகிற 72 மணி நேரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே என்ன தாள் எடுத்தாலும் கடவுச்சீட்டை மேசையில் வைத்து, அதில் கீழே இரண்டு வரியாக ஓடுகிற எழுத்துகளில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கட்டும். பழைய கடவுச்சீட்டின் இலக்கம் அட்டையிலோ விசாவிலோ இருந்தால் பழையதையும் கூடக் கொண்டு போங்கள்.

தடுப்பூசியிலும் ஒரு சின்னப் பாடம். ஊரில் சினோபார்ம் என்ற சீனத் தடுப்பூசி போட்டவர்களை ஐரோப்பா உடனே ஏற்கவில்லை. பிரித்தானியா 2021 நவம்பர் 22 இல்தான் ஏற்றது. ஒரு நாடு தருகிற சான்றை இன்னொரு நாடு மதிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எத்தனை காலம் வெளியே நிற்கலாம்? அட்டை 2030 வரை செல்லும் என்றாலும் அதிக நாள் வெளியே நின்றால் உரிமை போய்விடும். ஊரில் பெற்றோரைப் பார்க்கப் போய் விமானம் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வயதானவர்கள் பலர் இதை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். சுவிஸில் பி பெர்மிட்டுக்கும், நிலையாகத் தங்குகிறவர்களுக்கான சி பெர்மிட்டுக்கும் ஆறு மாதம். சி வைத்திருப்பவர் அந்த ஆறு மாதம் முடியுமுன் விண்ணப்பித்தால் நான்கு வருடம் வரை உரிமையைக் காப்பாற்றி வைக்கலாம். இடையில் ஒரு கிழமை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சொல்கிற ஆட்களை நம்பாதீர்கள். வந்துபோகிற தங்கல் அந்தக் கணக்கை முறிக்காது என்று சட்டமே சொல்கிறது. ஜேர்மனியிலும் பொதுவாக ஆறு மாதம்தான். பிரித்தானியாவில் ஐஎல்ஆர் என்கிற காலவரையற்ற வதிவிட உரிமைக்கு இரண்டு வருடம், நோர்வே நிரந்தர அனுமதிக்கும் இரண்டு வருடம், பிரான்ஸின் பத்து வருட அட்டைக்குத் தொடர்ந்து மூன்று வருடம். கனடாவில் கணக்கு வேறு: ஐந்து வருடத்தில் 730 நாள் உள்ளே நின்றிருக்க வேண்டும். நாள் நெருங்குகிறது என்றால் ஊரிலிருந்தபடியே எழுத்தில் விண்ணப்பியுங்கள். விமானம் ரத்தான மின்னஞ்சல், வைத்தியசாலைத் தாள், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவர்களின் பயணப் பத்திரத்திலேயே சொந்த நாடு தவிர என்று எழுதியிருக்கும். அம்மா கடைசி மூச்சில் இருக்கிறார் என்றாலும், போனால் அந்தஸ்து பறிபோகலாம். சுவிஸில் 2020 ஏப்ரல் 1 முதல் இந்தத் தடை சட்டத்தில் இன்னும் இறுக்கமாக எழுதப்பட்டது. தூதரகத்தில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பதும் அதே ஆபத்து, இலங்கையின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டதாக அது எடுக்கப்படும். யாரோ ஒருவர் வேறு நாடு வழியாகப் போய் வந்து ஒன்றும் நடக்கவில்லையாம் என்ற கதையை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணி. பெற்றோரைச் சென்னைக்கோ திருச்சிக்கோ கூப்பிட்டுப் பார்ப்பதுதான் பலரின் வழி. அதற்கும் பயணப் பத்திரம் உள்ளவர்களுக்கு இந்தியா இணைய விசா கொடுப்பதில்லை. கடவுச்சீட்டில் ஒட்டுகிற விசாவைப் போல, தூதரகத்தில் விண்ணப்பித்துத்தான் எடுக்க வேண்டும். கொரோனாவில் அந்த வழியும் அடைபட்டது. இந்தியாவின் வழமையான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 இல் நின்று 2022 மார்ச் 27 இல்தான் தொடங்கின. பலாலி – சென்னை விமானம் இன்னும் பிந்தி, 2022 டிசம்பரில்.

சரி, இலங்கைப் பக்கம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போய் மாட்டுப்பட்டவர்களின் விசாவைக் குடிவரவுத் திணைக்களம் கட்டம் கட்டமாக நீட்டிக்கொண்டே போனது. ஆனால் நீட்டிய காலத்துக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் அந்தச் சலுகை கிடையாது, 30 நாள் என்றால் 30 நாள். நிற்க வேண்டி வரும் என்று தெரிந்தால் விசா முடியுமுன்னே நீட்டுங்கள்.

ஊருக்குள் வேறு விதமான எல்லை இருந்தது. 2020 மார்ச்சில் சுவிஸிலிருந்து வந்த போதகர் ஒருவர் அரியாலையில் நடத்திய ஆராதனைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தொற்று தெரியவந்தது. அதோடு வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றாலே அயலவர்கள் பொது சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கத் தொடங்கினார்கள். கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்படும், சொந்தத் தங்கச்சியே சாப்பாட்டை மதிலில் வைத்துவிட்டுப் போவாள். அதைக் குறையாக எடுப்பதில் அர்த்தமில்லை, பயம் எல்லோருக்கும் இருந்தது. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால், வந்ததை ஒளிக்காமல் கிராம சேவகருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்கட்டும். 2021 மே 12 இரவோடு ஐக்கிய அரபு அமீரகம் இலங்கைப் பயணிகளை மாறிச் செல்லவும் விடாமல் மறித்து, ஆகஸ்ட் 5 இல்தான் திறந்தது. கொழும்பு – துபாய் ஒரு கம்பனி, துபாய் – பரிஸ் இன்னொரு கம்பனி என்று மலிவாகப் பிரித்து எடுத்தவர்களுக்கு இரண்டு கம்பனியும் கையை விரித்தன. ஒரே பதிவு என்றால் மாற்று வழியில் அனுப்புகிற பொறுப்பு அவர்களுடையது.

கடைசியாக, ஊரில் வைத்து அட்டை முடிந்தால் அல்லது தொலைந்தால் என்ன செய்வது. தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அதன் பிரதியை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸ், சுவிஸ் ஆட்கள் கொழும்புத் தூதரகத்தில் திரும்பும் விசா கேட்க வேண்டும். கனடா நிரந்தர வதிவாளர்கள் அட்டைக்குப் பதிலாக நிரந்தர வதிவாளர் பயண ஆவணம் எடுக்க வேண்டும். நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை 2023 ஜூலை கடைசியில் மூடிவிட்டது, அலுவல் புதுடெல்லி வழியாகப் போகிறது. ஆகவே அவர்கள் கூடுதல் நாட்களைக் கணக்கில் வைக்க வேண்டும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலிலும் இங்கே நிற்கிற ஒருவரின் போனிலும் வைத்துவிட்டுப் போங்கள். தூதரகத்தில் முதலில் கேட்பது அட்டையின் இலக்கத்தைத்தான்.