குமுளியிலிருந்து கண்ணகி கோட்டத்துக்கு: குழுவாகச் செல்வோர் அறிய வேண்டியவை

கண்ணகி கோட்டம் எனப்படும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பொதுமக்கள் செல்ல முடிவது ஆண்டில் ஒரே ஒரு நாள்தான், சித்திரை முழுநிலவன்று. 2024இல் அது ஏப்ரல் 23ஆம் தேதியும் 2025இல் மே 12ஆம் தேதியும் வந்தது. தமிழக, கேரள எல்லையில் ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைமுடியில் கோயில் இருப்பதால், இரவில் தங்க அனுமதி கிடையாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உரிய நேரத்தை இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கின்றன. அதைப் பார்த்த பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

வழிகள் இரண்டு. குமுளியிலிருந்து காட்டுப்பாதையில் ஜீப்பில் போகலாம். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். ஜீப்பில் சென்றவர்கள் நிற்காத இடங்களில் நடப்பவர்கள் நின்று பார்க்கிறார்கள் என்பதால், முழங்கால் ஒத்துழைக்கும் எவருக்கும் நான் நடைபாதையையே சொல்வேன். ஆனால் குழுவில் ஒருவருக்கேனும் மூச்சுத் திணறலோ மூட்டுவலியோ இருந்தால், அவரை மட்டும் ஜீப்பில் அனுப்பாமல், துணைக்கு இன்னொருவரையும் சேர்த்து அனுப்புங்கள். ஓர் ஆண்டு எங்கள் அத்தையைத் தனியே ஜீப்பில் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். மேலே கைப்பேசியில் பேச முடியாமல், கூட்டத்துக்குள் அவரைத் தேடியே இரண்டு மணி நேரம் போய்விட்டது. எங்களைக் காணாத அவரும் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். அதன்பின், கோயிலின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதைக் கீழேயே முடிவு செய்துவிடுகிறோம்.

முதல் நாள் மாலையே குமுளிக்கோ கூடலூருக்கோ வந்து தங்குவது நல்லது; விடியற்காலையிலேயே ஜீப்புக்கான வரிசை நீண்டுவிடும். தேக்கடிப் படகுப் பயணத்தை அதே நாளில் சேர்க்க வேண்டாம், இரண்டும் கெடும். காட்டுக்குள் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருப்பதால், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலும், புளியோதரையோ தயிர்சாதமோ வாழையிலையிலும் எடுத்துச் செல்லலாம். சோற்றுப் பொதியையும் தண்ணீரையும் ஒருவரிடமே கொடுத்துவிடாமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிருங்கள். அடையாள அட்டையை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு தீக்குச்சி போதும் மலை எரிய. பிற்பகலில் கோடை மழை பெய்தால் பாதை வழுக்கும் என்பதால், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம்.

கோயிலில் வரிசையில் நின்று வணங்கிவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கூரையிழந்து, சுவர்கள் சரிந்து கிடக்கும் அந்தக் கற்கட்டடத்தைச் சுற்றி நடந்து, தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கும் இடத்தை விசாரித்துப் பாருங்கள்; எழுத்துகளின் மேல் மஞ்சளும் குங்குமமும் பூசுவோரைக் கண்டால் அன்போடு தடுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையை விட்டுப் புறப்படும் கண்ணகி, வையைக் கரையோடு மேற்கே நடந்து நெடுவேள்குன்றம் ஏறி, வேங்கை மரத்தின் நிழலில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகு செல்கிறாள். அந்தக் குன்றம் இதுவே என்று கண்டு சொன்னவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார், 1963இல் இந்தக் காட்டுக்குள் வந்து கோயிலைத் தேடிக் கண்டார். மதுரையிலிருந்து தேனி வழியாக வரும் குழுவினர், பேருந்தில் வரும்போதே இந்தப் பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு வந்தால், மேலே நின்று கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது அவள் நடந்த திசை விளங்கும்.

இறங்கும் நேரத்தை அறிவிப்பில் உள்ளதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நடப்பவர் ஒருவர் கடைசி ஆளாக வரட்டும். பளியன்குடியை அடைந்ததும் தலைகளை எண்ணிவிட்டு வண்டி ஏறுங்கள்.