ஹார்டு ராக்கைப் புளூகிராஸில் வாசிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளூகிராஸ் என்பது பாஞ்சோ, ஃபிடில் (வயலின்), மாண்டலின், கிட்டார், பாஸ் என்று தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை. 2001-ல் ஹேசீட் டிக்ஸி என்ற அமெரிக்கக் குழுவினர், ஏசி டிசி என்ற ஹார்டு ராக் குழுவின் பாடல்களை மட்டும் புளூகிராஸில் வைத்து ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். அதைக் கேட்டுப் பாஞ்சோ தூக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது புதிதாக வருபவர்களைப் பார்த்தால், நாங்கள் அன்று அடித்த அதே கூத்து. சுருதி சேருங்கள், வரிகளை மனப்பாடம் செய்யுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் ரிஃப்பில் பாய்வது

ரிஃப் என்றால் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு. எல்லோரும் அதில் பாய்வதுதான் எரிச்சல் மூட்டுவது. மரபான புளூகிராஸில் டிரம்ஸ் கிடையாது. ஒன்றாவது, மூன்றாவது தட்டில் பாஸ் விழும். இரண்டிலும் நாலிலும் மாண்டலின், தந்திகளை மீட்டிய கணமே இடது கை விரல்களைத் தளர்த்தி 'சக்' என்று ஒலியை அடக்கும். 'சாப்' என்பார்கள். ராக்கில் அந்தத் தட்டுகளில் அடிக்கும் ஸ்னேர் டிரம்முக்குப் பதில் உங்களுக்கு அதுதான்.

சமீபத்தில் ஒரு குழு பதிவு செய்யும்போது கூட இருந்தேன். ரிஃப் வந்ததும் பாஞ்சோ, ஃபிடில், கிட்டாரோடு மாண்டலினும் அதில் குதித்தது. பாஸ் வாசித்த பெண் மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். சரணம் வருவதற்குள் வேகம் ஏறிப் பாடகருக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால் ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி கலந்திருந்தது. மாண்டலினை மட்டும் தனியே திருத்த வழியில்லை. மறுபடி முதலிலிருந்து. ஸ்டூடியோ வாடகையோ மணிக்கணக்கு.

"ஸ்டீவ்ன் சீகல்ஸ் அப்படித்தானே வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். ராக் பாடல்களைப் புளூகிராஸில் வாசிக்கும் பின்லாந்துக் குழு அது. அவர்களிடம் டிரம்ஸ் வாசிக்கத் தனியாக ஆள் உண்டு அப்பா!

ரிஃப்பைப் பாஞ்சோ, ஃபிடில் இரண்டில் ஒன்றுக்குக் கொடுங்கள். மாண்டலின் தனி வாசிக்கும் முறை வந்தால் பாஞ்சோ சாப் பிடிக்கட்டும்.

பாஞ்சோவில் நீண்ட ஸ்வரம்

நிற்காது. மூன்று விரல்களால் தந்திகளை மாறி மாறி மீட்டும் ரோலாக உடைத்து வாசியுங்கள், இழுப்பதை ஃபிடிலுக்கு விடுங்கள்.

வேகம்

கூட்டினால் மட்டும் புளூகிராஸ் ஆகாது.

பவர் கார்டு

கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ஹார்டு ராக் கிட்டாரில் அதிகம் வரும் பவர் கார்டில் ஸட்ஜமும் பஞ்சமமும்தான், காந்தாரம் இல்லை. அகூஸ்டிக் கிட்டாரில் பழக்கதோஷத்தில் மேஜர் கார்டு விழும், அந்தர காந்தாரம் (உயர்ந்த காந்தாரம்) ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இருண்ட பாட்டு கல்யாண வீட்டுப் பாட்டாகிவிடும். பாடகர் எந்தக் காந்தாரத்தில் நிற்கிறார் என்று முதலில் கேளுங்கள். 'சாதாரண காந்தாரம்' (தாழ்ந்த காந்தாரம்) என்றால் மைனர் கார்டு. இரண்டுக்கும் நடுவில் வளைத்துப் பாடுகிறார் என்றால் (ராக் பாடகர்கள் பலர் அப்படித்தான்) கிட்டார் காந்தாரத்தைத் தொடவே வேண்டாம். ஃபிடில் பார்த்துக்கொள்ளும்.