மதுரைக் கால் நோயில் கிருமியை இனங்காண்பது எப்படி?

பாதத்தில் வலியில்லாமல் பல மாதங்களாகப் பெருத்துவரும் வீக்கம், அதில் ஆங்காங்கே புரையோடிய துளைகள், அத்துளைகளில் வடியும் சீழோடு வெளிவரும் சிறு குருணைகள் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அது மைசெட்டோமாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. 1842-இல் கில் என்னும் மருத்துவர் மதுரையில் கண்டு எழுதியதால் மதுரைக் கால் என்ற பெயரும் இந்நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆனால் நோயின் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. மண்ணில் வாழும் பூஞ்சைகளும், பூஞ்சையைப் போலவே இழையாக வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் பாக்டீரியாக்களும், முள் குத்திய காயத்தின் வழியே உட்புகுந்து, வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான இந்நோயை உண்டாக்குகின்றன. பாக்டீரியாவாக இருந்தால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளால் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சையாக இருந்தால் இட்ராகோனசோலை ஓராண்டுக்கும் மேலாகக் கொடுத்து, பல நேரங்களில் அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டிவரும். ஆகவே மருந்து தொடங்குமுன் குருணையைக் கைப்பற்றிப் பார்ப்பதே முதல் கடமை.

ஏற்கெனவே உடைந்து ஒழுகும் துளையின் வாயில் கிடைக்கும் குருணை பெரும்பாலும் உயிரற்றதாகவோ, தோலில் உள்ள வேறு பாக்டீரியாக்கள் கலந்ததாகவோ இருக்கும். எனவே இன்னும் உடையாத சிறு கட்டியொன்றைத் தேர்ந்து, மேல்தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி நீக்கிய ஊசியால் திறந்து, பக்கங்களிலிருந்து மெல்ல அழுத்தி எடுப்பது நல்லது. அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், சலைனில் நனைத்த சுத்தமான காஸ் துணியைத் துளையின்மேல் இரவு முழுவதும் கட்டிவைத்தால், காலையில் துணியின் இழைகளில் குருணைகள் ஒட்டியிருக்கக் காணலாம். எல்லாவற்றிலும் நம்பகமானது ஆழமான திசுத்துண்டே. அதன் ஒரு பகுதியை நோய்க்கூறு ஆய்வுக்கு ஃபார்மலினிலும், மற்றொரு பகுதியை, கிருமியை ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குச் சலைனிலும் போட வேண்டும். ஃபார்மலினில் கிருமிகள் இறந்துவிடுவதால், முழுத் துண்டையும் அதில் போட்டு அனுப்பிவிட்டு வளர்ப்பு முடிவுக்குக் காத்திருப்பதால் பயனேதும் இல்லை.

குருணையின் நிறம் ஒரு துப்பு மட்டுமே. கறுப்பாகவும் கடினமாகவும் இருந்தால் பூஞ்சை என்று கொள்ளலாம். அதிலும் பெரும்பாலும் மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ். சிவப்பாக இருந்தால் ஆக்டினோமதுரா பெல்லெட்டியேரி என்னும் பாக்டீரியாவை எண்ணலாம். வெள்ளையும் மஞ்சளும்தான் ஏமாற்றும். நோகார்டியா, ஆக்டினோமதுரா மதுரே, ஸ்ட்ரெப்டோமைசிஸ் சோமாலியென்சிஸ் ஆகிய பாக்டீரியாக்களும், சீடோஸ்போரியம், ஃபியூசேரியம், அக்ரிமோனியம் ஆகிய பூஞ்சைகளும் வெளிர்நிறக் குருணைகளையே தருகின்றன. ஊரை வைத்துக் கணிப்பதும் ஓரளவுக்கே உதவும்: சூடானில் மதுரெல்லாவும் மெக்சிகோவில் நோகார்டியா பிரேசிலியென்சிஸும் மேலோங்கி நிற்க, தென்னிந்தியாவில் இரு வகையும் கலந்தே வருகின்றன.

சந்தேகத்தைத் தீர்ப்பது இழையின் தடிமனே. குருணையைச் சலைனில் பலமுறை கழுவி, ஸ்லைடில் 10 முதல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியிட்டு, மற்றொரு ஸ்லைடால் நசுக்கிப் பார்க்க வேண்டும். 2 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை தடித்த, குறுக்குச்சுவர் உள்ள இழைகளும், ஓரங்களில் பருத்த செல்களும் தென்பட்டால் அது பூஞ்சை. அத்தகைய இழைகள் தென்படாவிட்டால், நசுக்கிய இன்னொரு குருணைக்கு, பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயமேற்றி எண்ணெய் லென்சில் பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோமீட்டரையும் தாண்டாத, கிளைவிட்ட மெல்லிழைகள் ஊதா நிறத்தில் தெரிந்தால் அது ஆக்டினோமைசீட்ஸ். இழைகளே இல்லாமல் உருண்டை பாக்டீரியாக்கள் கொத்தாகத் தெரிந்தால், அது மைசெட்டோமாவைப் போல் தோற்றம் தரும் பாட்ரியோமைகோசிஸ் என்னும் வேறு நோயாகும். பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் அதற்குக் காரணம்.

பாக்டீரியா என்று தெரிந்தபின், அமிலம் தாங்கும் சாயச் சோதனையை (சாயமேற்றியபின் அமிலத்தால் கழுவி, நிறம் நிற்கிறதா என்று பார்ப்பதை) மாற்றியமைத்துச் செய்ய வேண்டும். காசநோய்ச் சளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 20 சதவீதக் கந்தக அமிலத்தையே இதற்கும் ஊற்றினால் நோகார்டியாவின் சாயம் கரைந்துவிடும். 1 சதவீத அமிலத்தால் கழுவினால்தான் அதன் இழைகள் சிவப்பாக நிற்கும். ஆக்டினோமதுராவும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் அந்த மென்மையான அமிலத்துக்கே நிறமிழக்கும்.

இனத்தை உறுதிசெய்ய வளர்ப்பு தேவை. கிருமிகளை வளர்க்கும் சபூரோ ஊடகத்தில் இரண்டு தொகுதிகள் இட வேண்டும்: பூஞ்சைக்கு, பாக்டீரியாவை ஒடுக்கும் குளோராம்பெனிகால் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்தது, பாக்டீரியாவுக்குக் கலக்காதது. குளோராம்பெனிகால் கலந்த ஊடகத்தில் மட்டும் இடுவது, தேடிவந்த நோகார்டியாவை நாமே ஒடுக்குவதாகிவிடும். வளரவில்லை என்று வரும் அறிக்கைகளில் சிலவற்றுக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு தொகுதியையும் 25, 37 டிகிரி செல்சியஸ் ஆகிய இரு வெப்பநிலைகளிலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை வைத்திருக்க வேண்டும். மதுரெல்லா 37 டிகிரியிலும் நன்கு வளர்ந்து, ஊடகத்தில் பழுப்பு நிறத்தைப் பரப்பும். நோகார்டியா சுண்ணாம்பு பூத்தாற்போல் உலர்ந்த மேற்பரப்போடு, மழை பெய்த மண்ணின் வாசனையோடு வளரும். மதுரெல்லா பெரும்பாலும் வித்துகளைத் தராததால், உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது கடினம். வசதியுள்ள இடங்களில் பூஞ்சைக்கு ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதியையும், பாக்டீரியாவுக்கு 16எஸ் என்னும் மரபணுவையும் வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள்.

வளர்ப்பு முடிவு வரும்வரை அறிக்கையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. குருணையின் நிறம், கடினத்தன்மை, இழையின் தடிமன், கிராம் சாய முடிவு ஆகிய நான்கையும் அன்றைக்கே எழுதித் தந்தால், மருத்துவர் எந்த வகை மருந்து என்பதை முடிவு செய்துகொள்வார். குருணை கிடைக்காத மாதிரிக்கு ‘கிருமி இல்லை’ என்று எழுதாமல், ‘குருணை இல்லை, ஆழ்திசு மாதிரி அனுப்பவும்’ என்று எழுதுவதே சரி.